அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் இனப்பெருக்க உரிமை மசோதாக்கள்: எண்ணும் தலைப்பும் மாறிவிடுகின்றன, எப்படிப் பின்தொடர்வது?

ஈசூன்_வாசகி (கேள்வி)

வணக்கம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மாதம் ஒரு முறை தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு தயாரிக்கிறோம். டெக்சஸ், வட கரோலினா, லூசியானா, அரிசோனா, புளோரிடா ஆகிய ஐந்து மாநிலங்களில் கருக்கலைப்பு, செயற்கைக் கருத்தரிப்பு, கருத்தடை தொடர்பாக என்ன மசோதா வந்திருக்கிறது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எப்போது நடப்புக்கு வரும் என்பதுதான் உள்ளடக்கம். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். நாங்கள் ஒரு தேதியைத் தவறாகப் போட்டால், அதை நம்பி ஒரு பெண் மருத்துவரிடம் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கக்கூடும். ஆகவே தவறு விடக் கூடாது.

மாநில மசோதாக்களைத் திரட்டித் தரும் லெஜிஸ்கேன் தளத்தில் "அபார்ஷன்" (கருக்கலைப்பு) என்ற சொல்லுக்கு மின்னஞ்சல் அறிவிப்பு வைத்திருக்கிறோம். முறை சரியா என்று பார்க்க 2023 முதல் 2025 வரையான பழைய மசோதாக்களை வைத்து ஓட்டிப் பார்த்தோம். டெக்சஸ் எஸ்பி 2880 (எஸ்பி என்றால் மேலவை மசோதா, எச்பி என்றால் கீழவை மசோதா) கீழவையில் தேங்கியதோடு எங்கள் பட்டியலில் கதை முடிந்துவிட்டது. ஆனால் கருக்கலைப்பு மாத்திரை அனுப்புவோர்மீது வழக்குப் போடலாம் என்ற அதே சங்கதி எச்பி 7 ஆக நிறைவேறியிருக்கிறது. லூசியானா எஸ்பி 276-ஐ வேறு வகையில் சேர்த்துவிட்டோம். வட கரோலினா எஸ்பி 20 எங்கள் வலையில் விழவே இல்லை.

சொல் தேடலை விட உறுதியான வழி உண்டா? நடப்புக்கு வரும் தேதியை எங்கிருந்து எடுப்பது? நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவர் குழுவில் இருக்கிறார்.

கிளமெண்டி_ஆவணம்

வாசகி அக்கா, நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வெவ்வேறு ஓட்டைகள். ஆனால் மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: மசோதாவின் எண்ணையும் தலைப்பையும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், அது எந்தச் சட்டப் பிரிவைத் தொடுகிறது என்பதைப் பிடியுங்கள். எண் ஒரு கூட்டத்தொடரோடு செத்துப்போகும். தலைப்பை ஒரே இரவில் மாற்றலாம். ஏற்கெனவே இருக்கும் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் அந்தப் பிரிவின் எண்ணை மசோதாவில் எழுதியே ஆக வேண்டும்.

வட கரோலினா எஸ்பி 20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அது, பெற்றோர் வளர்க்க முடியாத பச்சிளங் குழந்தைகளைப் பாதுகாப்பாக ஒப்படைப்பது பற்றிய மசோதா. "அபார்ஷன்" தேடலில் சிக்காததில் வியப்பில்லை. 2023 மே 2 இரவு, இரு அவைகளின் இணக்கக் குழு அறிக்கை என்ற பெயரில் அதன் உள்ளே 12 வாரத் தடையை வைத்து 46 பக்கத்துக்கு வெளியிட்டார்கள். இணக்கக் குழு அறிக்கையில் யாரும் திருத்தம் கொண்டுவர முடியாது, ஆம் அல்லது இல்லை என்று வாக்களிக்க மட்டுமே முடியும். மே 3 கீழவை, மே 4 மேலவை. ஆளுநர் மே 13 வீட்டோ போட்டார். மே 16 இரு அவைகளும் அதை மீறி நிறைவேற்றின. ஜூலை 1 நடப்புக்கு வந்தது. வாரம் ஒரு முறை பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் முழுச் சங்கதியும் இரண்டு பார்வைகளுக்கு நடுவே ஓடியிருக்கும்.

அந்த மாநிலத்துக்கு இது புதிதும் அல்ல. 2013 ஜூலையில் மோட்டார்சைக்கிள் பாதுகாப்பு பற்றிய எஸ்பி 353-க்குள் கருக்கலைப்பு மருத்துவமனை விதிகளைப் புகுத்தினார்கள். ஆகவே அங்கே "கான்ஃபரன்ஸ் ரிப்போர்ட்" (இணக்கக் குழு அறிக்கை), "கமிட்டி சப்ஸ்டிடியூட்" (குழு தரும் மாற்று உரை) என்ற வரி நடவடிக்கைப் பட்டியலில் வந்தால், மசோதா எதைப் பற்றியதாக இருந்தாலும் புதிய உரையைத் திறந்து தேடுங்கள்.

உங்கள் ஐந்து மாநிலங்களுக்கும் பார்க்க வேண்டிய பிரிவுகள் இவை. டெக்சஸில் சுகாதார, பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 170, 170ஏ, 171 அத்தியாயங்கள். 2021ல் வந்த எஸ்பி 8 உட்கார்ந்திருப்பது 171ல். கருக்கலைப்பை அரசமைப்பு உரிமையாக்கிய ரோ தீர்ப்பு விழுந்தால் தானாக விழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்ட முழுத்தடை 170ஏ. புளோரிடாவில் 390ஆம் அத்தியாயம். வட கரோலினாவில் பொதுச் சட்டங்கள் 90-21.81ல் தொடங்கும் வரிசை. அரிசோனாவில் 36ஆம் பகுதியின் 2321 முதல் வரும் பிரிவுகள். அங்கே 1864 காலத்துத் தடை இருந்தது 13-3603ல். லூசியானாவில் 14:87ல் தொடங்கும் குற்றப் பிரிவுகள், 40:1061, அதோடு 40:964.

இந்தக் கடைசி எண்ணைத் தவறவிடாதீர்கள். 40:964 கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியல். எஸ்பி 276 முதலில், ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றி மாத்திரை கொடுப்பதைக் குற்றமாக்கும் மசோதாவாகத்தான் வந்தது. நடுவழியில் ஒரு திருத்தம் கருக்கலைப்பு மாத்திரைகளான மிஃபெப்ரிஸ்டோனையும் மிசோப்ரோஸ்டாலையும் நான்காம் பட்டியலில் சேர்த்தது. 2024 மே 24 கையெழுத்து, அக்டோபர் 1 நடப்பு. மிசோப்ரோஸ்டால் பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கை நிறுத்தவும் கொடுக்கப்படும் மருந்து. பிரசவ வார்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியதைக் கட்டுப்பாட்டு மருந்தாகப் பூட்டி வைக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்ற மருத்துவர்களின் கவலை அங்கிருந்து எழுந்ததுதான். நீங்கள் அதை "வற்புறுத்தல் குற்றம்" என்று வகைப்படுத்தி மூடி வைத்திருப்பீர்கள். முதல் வடிவத்தை மட்டும் படித்தால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும்.

டெக்சஸ் எஸ்பி 2880-க்கு வருவோம். அது 2025 வழக்கமான கூட்டத்தொடரில் மேலவையைத் தாண்டிக் கீழவையில் நின்றுபோனது. டெக்சஸ் வழக்கமாகக் கூடுவது ஒற்றைப்படை ஆண்டுகளில், ஜனவரி இரண்டாம் செவ்வாய் தொடங்கி 140 நாள். அது முடிந்ததும் நிறைவேறாதவை எல்லாம் ரத்து. ஆனால் ஆளுநர் 30 நாள் வரையான சிறப்புக் கூட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் கூட்டலாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15ல் தொடங்கிய இரண்டாவது சிறப்புக் கூட்டத்தில்தான் எச்பி 7 வந்தது. சட்டமன்றத்தின் இணையத்தளத்தில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி அடையாளம் உண்டு: 89ஆம் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் 89 ஆர், சிறப்புக் கூட்டங்கள் 89 ஒன்று, 89 இரண்டு என்று. மேலே உள்ள பெட்டியில் கூட்டத்தை மாற்றாமல் தேடினால் பழைய கூட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். எஸ்பி 2880 பக்கத்திலிருந்து எச்பி 7-க்கு வழி கிடையாது.

இதனால் உங்கள் குறிப்பில் "மசோதா தோற்றது" என்று எழுதாதீர்கள். "இந்தக் கூட்டத்தொடரில் நிறைவேறவில்லை" என்று எழுதினால் போதும், அதுதான் உண்மையும்.

தாள்_கணக்கு

கிளமெண்டி சொன்னதை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் வழி இது. நிரல் தெரிந்தவர் இருப்பதால் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

லெஜிஸ்கேன் ஏபிஐ (நிரல் நேரடியாகத் தரவு கேட்கும் வழி) சாவி இலவசம், மாதத்துக்கு 30,000 கேள்வி வரை கேட்கலாம். ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் "கெட் மாஸ்டர் லிஸ்ட் ரா" என்ற கட்டளை எல்லா மசோதாக்களின் எண்ணையும் "சேஞ்ச் ஹேஷ்" என்ற ஒரு குறியையும் தரும். மசோதாவில் ஏதாவது நகர்ந்தால் அந்தக் குறி மாறும். நேற்றைய பட்டியலோடு இன்றையதை ஒப்பிட்டு, குறி மாறியவற்றுக்கு மட்டும் "கெட் பில்" கேளுங்கள். ஐந்து மாநிலத்துக்கு நாள்தோறும் ஒரு பட்டியல் என்றால் மாதம் 150 கேள்விதான். மீதி முழுவதும் உரை எடுக்கக் கிடைக்கும்.

"கெட் பில்" பதிலில் உரை வடிவங்களின் பட்டியல் இருக்கும். புதிய உரை எண் தெரிந்தால் "கெட் பில் டெக்ஸ்ட்" கொடுத்து இறக்குங்கள். அது பேஸ்64 முறையில் பொதிந்து வரும், பிரித்த பிறகு பெரும்பாலும் பிடிஎஃப். அதை எழுத்தாக மாற்றி கிளமெண்டி கொடுத்த பிரிவு எண்களையும் கீழே உள்ள சொற்களையும் தேடுங்கள். தலைப்பில் தேடுவதை அறவே விடுங்கள்.

பிடிஎஃப் விஷயத்தில் ஒரு இடறல் உண்டு. டெக்சஸ் உரையில் சேர்க்கும் சொற்களுக்கு அடிக்கோடும் நீக்கும் சொற்களுக்கு நடுக்கோடும் இருக்கும். வெறும் எழுத்தாக மாற்றும்போது இரண்டு கோடும் காணாமல் போகும். நீக்கப்பட்ட வரி சட்டத்தில் இருப்பதுபோல் தெரியும். நிரல் கண்டுபிடிப்பது எந்த மசோதாவைத் திறக்க வேண்டும் என்பதை மட்டும்தான். என்ன எழுதியிருக்கிறது என்பதை மூலப் பக்கத்தில் கண்ணால் படியுங்கள்.

சொற்கள் (தேடும்போது ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்): அபார்ஷன், மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால், அன்பார்ன் சைல்டு, எம்பிரியோ, இன் விட்ரோ, கான்ட்ராசெப்டிவ், ராங்ஃபுல் டெத், டெலிஹெல்த். "ராங்ஃபுல் டெத்" எதற்கு என்று கேட்பீர்கள். 2024 பிப்ரவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம், உறையவைத்த கருமுட்டைக் கருக்களையும் குழந்தை மரண இழப்பீட்டுச் சட்டம் காக்கும் என்று தீர்ப்பளித்தது. செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் சிகிச்சையை நிறுத்தின. மார்ச் 6ல் எஸ்பி 159 என்ற பாதுகாப்புச் சட்டம் வந்தது. கருக்கலைப்பு என்ற சொல்லை மட்டும் தேடியவர்களுக்கு அந்த மூன்று வாரமும் வெற்றுப் பக்கம்.

நிலைக் குறியீடுகளையும் ஒரு முறை மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். லெஜிஸ்கேனில் "எங்ரோஸ்ட்" என்றால் ஒரு அவையைத் தாண்டியது, "என்ரோல்ட்" என்றால் இரண்டையும் தாண்டியது. "என்ரோல்ட்" மசோதாமீது ஆளுநர் இன்னும் கைவைத்திருக்க மாட்டார்.

அறிவிப்பு வந்த பிறகு மாநிலச் சட்டமன்றத்தின் சொந்தத் தளத்தில் சரிபார்க்காமல் எதையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். லெஜிஸ்கேனோ அதுபோன்ற ஓப்பன் ஸ்டேட்ஸ் தளமோ அங்கிருந்துதான் எடுக்கின்றன, ஆகவே சற்றுப் பின்தங்கும். சிறப்புக் கூட்டத்தின் கடைசி வாரத்தில் அந்தத் தாமதம் கையைக் கடிக்கும்.

மேப்பிள்ட்ரீ_97

தேதி பற்றிக் கேட்டீர்கள். கையெழுத்திட்ட நாளுக்கும் நடப்புக்கு வரும் நாளுக்கும் நடுவே என்ன கணக்கு இருக்கிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மசோதாவின் கடைசிப் பிரிவை முதலில் படியுங்கள்.

டெக்சஸில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு உடனடி நடப்பு என்று எழுதப்படாவிட்டால், கூட்டம் கலைந்ததிலிருந்து 91ஆம் நாள். எச்பி 7: கூட்டம் முடிந்தது 2025 செப்டம்பர் 4. அந்த மாதம் மீதி 26 நாள், அக்டோபர் 31, நவம்பர் 30, கூட்டினால் 87. இன்னும் நான்கு நாள் சேர்த்தால் டிசம்பர் 4. அதுவே அதன் நடப்புத் தேதி.

அரிசோனாவும் இதே போலத்தான், ஆனால் அங்கே அந்தக் கணக்கு மக்களை எவ்வளவு குழப்பியது என்று பாருங்கள். 2024 ஏப்ரல் 9ல் மாநில உச்ச நீதிமன்றம் 1864 காலத்துத் தடையை மறுபடி உயிர்ப்பித்தது. அதை நீக்கும் எச்பி 2677-இல் ஆளுநர் மே 2ல் கையெழுத்திட்டார். செய்திகள் "தடை நீங்கியது" என்றன. சட்டப்படி நீங்கியது செப்டம்பர் 14ல், ஏனெனில் கூட்டம் முடிந்தது ஜூன் 15. மே மாதத்தில் குறிப்பு எழுதுகிறவருக்கு ஜூன் 15 எதிர்காலம், ஆகவே தேதியே தெரியாது. அந்த நிலையில் "கூட்டம் முடிந்து 90 நாள் கழித்து, கூட்டம் இன்னும் முடியவில்லை" என்று எழுத வேண்டும். ஊகத்தேதி போடக் கூடாது.

மூன்றாவது வகை, நிபந்தனையோடு கட்டிய தேதி. புளோரிடா எஸ்பி 300, ஆறு வாரத் தடை, 2023 ஏப்ரல் 13ல் கையெழுத்தானது. அதன் நடப்பு, வேறொரு வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் என்ன சொல்லும் என்பதில் கட்டப்பட்டிருந்தது. தீர்ப்பு 2024 ஏப்ரல் 1ல் வந்தது, 30 நாள் கழித்து மே 1ல் சட்டம் விழித்தது. ஓராண்டுக்கு மேல் தூங்கிய சட்டம். உங்கள் தாளில் "நடப்புத் தேதி" என்று ஒரே கட்டம் இருந்தால் இதை எழுத இடமே இருக்காது. "தேதிக்கு அடிப்படை" என்று பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்.

நீதிமன்றத் தடை எதுவும் சட்டமன்றத் தளத்தில் தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. ஒஹாயோவின் 2019ஆம் ஆண்டு ஆறு வாரச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூனில் ரோ தீர்ப்பை விலக்கிய டாப்ஸ் தீர்ப்புக்குப் பின் நடப்புக்கு வந்தது, அதே செப்டம்பரில் நிறுத்தப்பட்டது, 2023 நவம்பரில் வாக்காளர்கள் மாநில அரசமைப்பைத் திருத்தினார்கள், 2024 அக்டோபரில் நீதிமன்றம் செல்லாது என்றது. மசோதாப் பக்கம் இன்றைக்கும் "கையெழுத்தானது" என்றுதான் சொல்லும். இதற்கு கட்மேக்கர் நிறுவனம், இனப்பெருக்க உரிமைகள் மையம், சுகாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனமான கேஎஃப்எஃப் ஆகியவற்றின் மாநில வரைபடங்களை இரண்டாவது சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசூன்_வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. பிரிவு எண்களைத் தாளில் ஏற்றிவிட்டேன். இரண்டு சந்தேகம். இங்கிருந்து பார்ப்பதால் தேதி ஒரு நாள் தள்ளிப் போகிறது, எந்தத் தேதியை எழுதுவது? "ஆறு வாரம்" என்பதைத் தமிழில் எப்படிச் சொன்னால் வாசகிக்குச் சரியாகப் புரியும்? கருவுற்று ஆறு வாரம் என்றே எங்கள் குழுவில் இருவர் நினைத்திருந்தோம்.

தேக்கா_மொழிபெயர்ப்பு

இரண்டாவது கேள்வி மிக முக்கியம், நீங்கள் கேட்டது நல்லது. இந்தச் சட்டங்களில் வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. புளோரிடாச் சட்டம் அதை வரையறைப் பிரிவிலேயே சொல்கிறது. 28 நாள் சுழற்சி உள்ள ஒரு பெண்ணுக்கு, அடுத்த மாதவிலக்கு வர வேண்டிய நாளில் ஏற்கெனவே நான்கு வாரம் ஆகிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போனதைக் கவனித்து, சோதனைக் கருவி வாங்கி, மருத்துவரிடம் நேரம் எடுத்து, போய்ச் சேர அவளுக்கு இருப்பது மீதி இரண்டு வாரம். சுழற்சி ஒழுங்காக இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை. "கருவுற்று ஆறு வாரம்" என்று எழுதினால் இல்லாத இரண்டு வாரத்தை அவளுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள்.

ஆகவே ஒவ்வொரு இதழிலும் "கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து ஆறு வாரம்" என்று முழுதாக எழுதுங்கள். நீளம்தான், பரவாயில்லை. சிங்கப்பூரின் கருக்கலைப்புச் சட்டத்தில் உள்ள 24 வாரமும் இப்படியே கடைசி மாதவிலக்கிலிருந்துதான் எண்ணப்படுகிறது. இங்குள்ள வாசகிக்கு ஒப்பிட அது உதவும்.

டெக்சஸ் எஸ்பி 8-ஐ "ஆறு வாரச் சட்டம்" என்று எழுதாதீர்கள். அதில் வார எண் கிடையாது. கருவின் இதயத் துடிப்பு என்று சட்டம் பெயரிடும் மின்னசைவு தெரிய வந்த பிறகு கூடாது என்பதே வாசகம். சுமார் ஆறாம் வாரம் என்பது நாம் சேர்க்கும் விளக்கம், அதை விளக்கமாகவே காட்டுங்கள்.

"நிறைவேறியது", "சட்டமானது", "நடப்புக்கு வந்தது" மூன்றையும் கலக்க வேண்டாம். இரு அவைகளும் தாண்டினால் முதல் சொல், ஆளுநரைத் தாண்டினால் இரண்டாவது, தேதி வந்தால் மூன்றாவது. நான்கு பேர் எழுதும் குறிப்பில் இந்த மூன்று சொல்லுக்கும் முன்கூட்டியே ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஆளுநர் கையெழுத்திடாமலேயே சட்டமாகும் மசோதாக்களும் உண்டு என்பதால் "ஆளுநர் ஒப்புதலோடு" என்ற தொடரைப் பழக்கமாக ஒட்டாதீர்கள்.

மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்பும் தீர்மானங்களும் இருக்கின்றன. மிசௌரியின் 2025 எச்ஜேஆர் 73 (எச்ஜேஆர் என்றால் கீழவைக் கூட்டுத் தீர்மானம்) அப்படிப்பட்டது. "பி" எழுத்து இல்லாததால் மசோதாத் தேடலில் வடிகட்டப்பட்டுவிடும், ஆளுநரின் வீட்டோவும் அதைத் தொடாது. அதற்குத் "தீர்மானம்" என்றே பெயர் கொடுங்கள்.

தாள்_கணக்கு

தேதிக் கேள்விக்கு: எப்போதும் அந்த மாநிலத்தின் உள்ளூர்த் தேதி. டெக்சஸ் நமக்குக் குளிர்காலத்தில் 14 மணி நேரம், கோடையில் 13 மணி நேரம் பின்னால். வட கரோலினா 13, 12. அரிசோனா கோடைக் கடிகாரம் மாற்றுவதில்லை, ஆண்டு முழுவதும் 15. காலை ஏழு மணிக்கு இங்கிருந்து பார்த்தால் டெக்சஸ் தலைநகர் ஆஸ்டினில் முந்தைய நாள் மாலை ஐந்து அல்லது ஆறு. அவை இரவு வரை நீளும் நாட்களில் அது போதாது, மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்போது அங்கே நள்ளிரவு, நாள் முடிந்திருக்கும்.

சிறப்புக் கூட்டத்தில் டெக்சஸ் கீழவைக் குழுக்கள் 24 மணி நேர முன்னறிவிப்போடு விசாரணை வைக்கலாம். வழக்கமான கூட்டத்தில் அது ஐந்து நாள். சிறப்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டவுடன் நிரலை நாளுக்கு நான்கு முறைக்கு மாற்றிவிடுங்கள், கேள்வி எண்ணிக்கை தாங்கும்.

கிளமெண்டி_ஆவணம்

ஒன்று விட்டுப்போனது. மசோதா மட்டுமே சட்டம் அல்ல. சிங்கப்பூரில் 21 முதல் 37 வயதுப் பெண்கள் மருத்துவக் காரணம் இல்லாமலும் கருமுட்டையை உறையவைக்கலாம் என்று 2023 ஜூலை 1 முதல் அனுமதி வந்தது. அதற்குப் புது மசோதா எதுவும் நாடாளுமன்றத்துக்கு வரவில்லை, சுகாதாரச் சேவைகள் சட்டத்தின்கீழ் வந்த விதிமுறைகளில் வந்தது. அமெரிக்க மாநிலங்களிலும் சுகாதாரத் துறை விதிகளுக்குத் தனி அரசிதழ் உண்டு. டெக்சஸ் ரெஜிஸ்டர் வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகிறது. அதே 170ஏ, 171 எண்களை அதிலும் தேடுங்கள்.

வரவுசெலவு மசோதாவையும் பாருங்கள். டெக்சஸில் கருக்கலைப்புக்கு மாற்று என்ற பெயரில் ஓடிய நிதித் திட்டம் 2023ல் "த்ரைவிங் டெக்சஸ் ஃபேமிலிஸ்" என்று பெயர் மாறியது. புதுப் பெயரைச் சொற்பட்டியலில் சேர்க்காவிட்டால் அந்தப் பணம் எங்கே போகிறது என்பது உங்கள் குறிப்பில் வராது.

ஈசூன்_வாசகி

சேர்த்துவிட்டேன். தாளில் இப்போதைய கட்டங்கள்: மாநிலம், கூட்டத்தொடர் அடையாளம், எண், வகை, தொடும் பிரிவு, கடைசியாகப் படித்த உரை வடிவம், கடைசி நடவடிக்கை (உள்ளூர்த் தேதி), நடப்புத் தேதி, தேதிக்கு அடிப்படை, நீதிமன்ற நிலை, சரிபார்த்தவர். பழைய மசோதாக்களை இந்தத் தாளில் மறுபடி ஓட்டினோம். எஸ்பி 276, 40:964 வழியாகச் சிக்கிவிட்டது. எஸ்பி 20 இணக்கக் குழு அறிக்கை வந்த அன்றே சிக்குகிறது. எச்பி 7 மட்டும் கூட்ட அடையாளத்தை 89 இரண்டு என்று கையால் சேர்த்த பிறகுதான் வந்தது.

தாள்_கணக்கு

கையால் வேண்டாம். "கெட் செஷன் லிஸ்ட்" கட்டளையை நாளுக்கு ஒரு முறை ஓட்டுங்கள். புதிய கூட்டம் திறந்தால் பட்டியலில் புது வரி வரும், நிரல் தானே அதன் மாஸ்டர் லிஸ்டையும் எடுக்கத் தொடங்கும்.